வயல்வெளி ஸ்பானிஷ்: க்ரூஸ் ரெய்னோசோவும் கலிஃபோர்னிய விவசாயத் தொழிலாளர் வழக்குகளும்

1970ஆம் ஆண்டின் தொடக்கத்தில், கலிஃபோர்னியாவின் ஃபெடரல் நீதிமன்றம் ஒன்றில் ஒன்பது குழந்தைகளுக்காக ஒரு வழக்கு தாக்கலானது. எல்லோரும் மான்டரே கவுன்ட்டியில் சோலடாட் என்ற சிற்றூரைச் சுற்றி வாழ்ந்த மெக்சிக விவசாயத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். வீட்டில் புழங்கியது ஸ்பானிஷ். பள்ளியில் ஆங்கிலத்தில் அறிவுத்திறன் சோதனை வைத்தார்கள். மதிப்பெண் குறைந்தது. உடனே மனவளர்ச்சி குன்றியவர்களுக்கான வகுப்பில் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டார்கள். பிறகு அதே பிள்ளைகளை, ஸ்பானிஷிலும் பதில் சொல்லலாம் என்று விட்டு மறுபடி சோதித்தபோது, சராசரியாக 15 புள்ளி ஏறியது. ஒன்பது பேரில் ஏழு பேர் அந்த வகுப்புக்கான வரம்பைத் தாண்டிவிட்டார்கள். ஒரு குழந்தைக்கு மட்டும் 49 புள்ளி கூடியிருந்தது.

"டயானா எதிர் மாநிலக் கல்வி வாரியம்" என்று சட்டப் புத்தகங்களில் நிற்கும் வழக்கு இது. அரசு தரப்பு அதிகம் இழுத்தடிக்கவில்லை. குழந்தையை அதன் தாய்மொழியிலும் சோதிக்க வேண்டும் என்று அதே ஆண்டில் சமரசத்துக்கு வந்தது. வழக்கை நடத்தியவர்கள் சாலினாஸ் பகுதியில் வேலை பார்த்த இளம் வழக்கறிஞர்கள் மார்ட்டின் க்ளிக், மாரிஸ் ஜோர்டேன் ஆகியோர். அவர்கள் சேர்ந்திருந்தது, கிராமப்புற ஏழைகளுக்குச் சட்ட உதவி தரும் கலிஃபோர்னியா ரூரல் லீகல் அசிஸ்டன்ஸ் என்ற அமைப்பு, சுருக்கமாக சி.ஆர்.எல்.ஏ. அந்தச் சமயத்தில் அதை வழிநடத்தியவர் க்ரூஸ் ரெய்னோசோ.

இந்த வழக்கை முதலில் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. பிள்ளை மக்கு வகுப்பில் உட்கார்ந்திருக்கிறது என்பதை எந்தத் தாயும் முன்பின் தெரியாதவரிடம் போய்ச் சொல்லமாட்டாள். வெட்கம் ஒரு பக்கம், பள்ளிக்காரர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்ற எண்ணம் ஒரு பக்கம். வாடகைப் பிரச்சினைக்கோ சம்பளப் பாக்கிக்கோ வந்து, அவள் மொழியிலேயே பேச்சு நீண்டு, பிள்ளைகளைப் பற்றிய பேச்சும் நடுவில் வந்தால்தான் இது வெளியே வரும். மொழி தெரியாத அலுவலகத்தில் இப்படி ஒரு வழக்கு தோற்கக்கூட வழியில்லை, பிறந்தே இருக்காது. ஸ்பானிஷ் தெரிந்த வழக்கறிஞருக்கும் தெரியாதவருக்கும் உள்ள வேறுபாட்டைப் பலர் மொழிபெயர்ப்புச் செலவு மிச்சம் என்ற கணக்கில் பார்க்கிறார்கள். என் கணக்கு வேறு. எந்த வழக்குகள் அவர் மேஜைக்கு வந்து சேரும் என்பதையே அந்த மொழி முடிவு செய்கிறது. அப்புறம் அந்த வழக்குகள் அவருடைய வாழ்க்கைப் பாதையை முடிவு செய்கின்றன. ரெய்னோசோவின் வாழ்க்கையை வைத்துப் பார்த்தால் இது தெளிவாகத் தெரியும்.

அவர் பிறந்தது 1931இல், லாஸ் ஏஞ்சலஸுக்குத் தெற்கே ப்ரேயா என்ற ஊரில். பதினொரு பிள்ளைகள் உள்ள குடும்பம். பக்கத்தில் லா ஹாப்ராவின் ஆரஞ்சுத் தோப்புகளை ஒட்டிய மெக்சிகர் குடியிருப்பில் வளர்ந்தார். அவரும் சகோதரர்களும் தோப்பிலும் வயலிலும் வேலை செய்தார்கள். அந்தக் குடியிருப்புக்குத் தபால்காரர் வரமாட்டார். வெள்ளையர் வீடுகளுக்கு மட்டும் வீட்டு வாசலுக்கே தபால் போகும். பையன் உள்ளூர் தபால் அதிகாரியிடம் போய்க் கேட்டான். வாஷிங்டனுக்கு எழுது என்றார். அக்கம்பக்கத்தில் கையெழுத்து வாங்கி எழுதினான். தபால் வர ஆரம்பித்தது. கையெழுத்துக்காக ஏறி இறங்கிய ஒவ்வொரு வாசலிலும் விஷயத்தை ஸ்பானிஷில் விளக்கி, வாஷிங்டனுக்குப் போக வேண்டியதை ஆங்கிலத்தில் எழுதிய பையன். பிற்காலத்தில் அவர் செய்த வேலை முழுக்க இதன் நீட்டிப்புதான் என்று எனக்குப் படுகிறது.

பொமோனா கல்லூரி, ராணுவத்தில் எதிர்உளவுப் பிரிவு, பெர்க்லியில் 1958இல் சட்டப் பட்டம். அதற்குப் பிறகு அவர் செய்த ஒரு காரியத்தைப் பலரும் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். மெக்சிகோ நகரத்து தேசியப் பல்கலைக்கழகத்தில் அரசியலமைப்புச் சட்டம் படிக்கப் போனார். வீட்டில் ஸ்பானிஷ் பேசி வளர்ந்தவர் எதற்காக அங்கே போக வேண்டும் என்று கேட்கலாம். அதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

ஸ்பானிஷ் தெரிந்த வழக்கறிஞர்கள் என்று சொன்னாலும் அவர்களில் இரண்டு வகை உண்டு. ஒரு வகை, குடியேறியவர்களின் பிள்ளைகள். பத்து வயதிலேயே அம்மாவுக்காக மருத்துவமனையிலும் வங்கியிலும் மொழிபெயர்த்தவர்கள். தொழிலாளி பேசுவதெல்லாம் இவர்களுக்குப் புரியும், பாட்டி வைதது உட்பட. ஆனால் மேல்முறையீடு, வாக்குமூலம், காலக்கெடு போன்றவற்றை ஸ்பானிஷில் சொல்லச் சொன்னால் திணறுவார்கள், ஏனென்றால் சட்டத்தை ஆங்கிலத்தில்தான் படித்தார்கள். இன்னொரு வகை, கல்லூரியில் ஸ்பானிஷ் படித்து, வெளிநாட்டில் ஆறு மாதம் இருந்துவிட்டு வந்தவர்கள். இலக்கணம் சுத்தமாக இருக்கும். வயலில் போய் நின்றால் பாதி புரியாது. தோப்பில் கற்ற மொழியோடு மெக்சிகச் சட்ட வகுப்பின் மொழியும் ரெய்னோசோவிடம் சேர்ந்தது. அது சாதாரணமாக அமைவதில்லை.

வயலில் என்ன புரியாது என்பதற்கு ஒரு சொல்லைக் காட்டுகிறேன். சம்பள வழக்கில் முதல் கேள்வியே "உங்களுக்கு எப்படிக் கூலி கொடுத்தார்கள்?" என்பதுதான். தொழிலாளி "போர் கொன்ட்ராட்டோ" என்பார். அகராதியைப் பார்த்தால் கொன்ட்ராட்டோ என்றால் ஒப்பந்தம். புத்தகத்து ஸ்பானிஷ்காரர் சந்தோஷமாக "ஒப்பந்தம் இருக்கிறதா, கையெழுத்துப் போட்டீர்களா, காகிதம் எங்கே?" என்று ஆரம்பிப்பார். தொழிலாளி விழிப்பார். கலிஃபோர்னிய வயல்களில் அந்தச் சொல்லுக்குப் பொருள் பெட்டிக் கணக்கில் கூலி. பறித்த பெட்டிக்கு இவ்வளவு என்று கொடுப்பது. மணிக்கணக்குக் கூலிக்கு "போர் ஓரா" என்பார்கள்.

இதில் பணம் இருக்கிறது. பெட்டிக் கணக்கில் வேலை செய்பவர் பத்து நிமிடம் ஓய்வுக்கு உட்கார்ந்தால் அந்தப் பத்து நிமிடத்துக்குக் கூலி இல்லை, அதனால் யாரும் உட்கார மாட்டார்கள். 2016இல் நடைமுறைக்கு வந்த கலிஃபோர்னியச் சட்டம், பெட்டிக் கணக்குக் கூலிக்காரர்களுக்கு ஓய்வு நேரத்துக்குத் தனியாகச் சம்பளம் கொடுத்தாக வேண்டும், சம்பளச் சீட்டிலும் அதைத் தனியாகக் காட்ட வேண்டும் என்கிறது. ஆக, "போர் கொன்ட்ராட்டோ" என்ற இரண்டு சொற்களை வழக்கறிஞர் காது சரியாக வாங்கிக்கொண்டால், அடுத்து அவர் கேட்பது ஓய்வு நேரத்தைப் பற்றி. சரியாக வாங்காவிட்டால் இல்லாத ஒரு காகிதத்தைத் தேடிக்கொண்டிருப்பார்.

இப்படி நிறைய உண்டு. வேலைக்கு வண்டியில் கூட்டிப்போவது "ரைட்டே", அதற்குக் காசு பிடுங்குபவர் "ரைட்டேரோ". இரண்டும் ஆங்கிலச் சொல்லிலிருந்து வயலில் முளைத்தவை. அந்த வண்டியில் ஏறாவிட்டால் வேலை கிடையாது என்று மேஸ்திரி சொல்லியிருந்தால், வண்டிக் காசு சட்டப்படி சம்பளப் பிடித்தமாகிவிட வாய்ப்புண்டு. பூச்சிக்கொல்லியை "மெதிசீனா", அதாவது மருந்து, என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். நம் ஊரிலும் வயலுக்கு மருந்து அடிப்பது என்றுதானே சொல்கிறோம். "மருந்து பட்டு மயங்கிவிட்டேன்" என்ற வாக்கியம் ஆங்கிலத்துக்குப் போகும்போது என்னவாகும் என்று யோசித்துப் பாருங்கள். அது மாத்திரையாகவும் ஆகலாம், போதைப் பொருளாகவும் ஆகலாம்.

"நோட்டாரியோ" என்ற சொல் செய்த கேடு இவற்றைவிடப் பெரியது. மெக்சிகோவில் நோட்டாரியோ என்பவர் பெரிய படிப்புப் படித்த சட்ட அதிகாரி. அமெரிக்காவில் நோட்டரி என்பவர் கையெழுத்துக்குச் சாட்சி சொல்பவர், அவ்வளவுதான். கடை வாசலில் "நோட்டாரியோ" என்று பலகை மாட்டிக்கொண்டு, குடியேற்றப் பத்திரங்களைத் தாறுமாறாக நிரப்பிக் கொடுத்து, ஆயிரக்கணக்கில் டாலர் வாங்கி, கடைசியில் ஆளை நாடுகடத்தல் நீதிமன்றத்தில் நிறுத்தியவர்கள் நிறையப் பேர். நோட்டரி தன்னை அந்த ஸ்பானிஷ் பெயரால் விளம்பரம் செய்துகொள்ளக் கூடாது என்று கலிஃபோர்னியா சட்டமே போட்டிருக்கிறது. ஸ்பானிஷ் தெரிந்த வழக்கறிஞர் பல நாட்களில் முதலில் செய்யும் வேலை, முந்தைய ஆள் நிரப்பிய பத்திரத்தில் என்ன பொய் ஏறியிருக்கிறது என்று கண்டுபிடித்துத் தொழிலாளிக்குப் பொறுமையாக விளக்குவதுதான்.

மரியாதை விஷயம் தமிழ் வாசகருக்கு விளக்கமே தேவையில்லை. ஸ்பானிஷில் நீ என்பதற்கு "தூ", நீங்கள் என்பதற்கு "உஸ்தேத்". அறுபது வயது பெரியவரை ஒரு இளம் வழக்கறிஞர் "தூ" போட்டுப் பேசினால் அவர் எதிர்த்து ஒன்றும் சொல்லமாட்டார், வழக்கறிஞரை மரியாதையாக "லிசென்சியாதோ" என்றே அழைத்து எல்லாவற்றுக்கும் "சீ, சீ", அதாவது ஆமாம், ஆமாம், என்று தலையாட்டிவிட்டு எழுந்து போவார். அந்த "சீ" சம்மதமில்லை. நம்மூரில் ஆபீசர் முன்னால் நின்று "சரிங்க சார்" என்பது போல. புரிந்ததா என்று கேட்காதே, அவரையே திருப்பிச் சொல்லச் சொல் என்பது இந்த வேலையில் பழகியவர்கள் புதியவர்களுக்குக் கொடுக்கும் பாடம்.

குடும்பத்தில் யாரையாவது கூட்டி வந்து மொழிபெயர்க்க வைப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மகனை வைத்துக்கொண்டு அப்பா, மேஸ்திரி தன்னை என்ன கெட்ட வார்த்தை சொன்னார் என்று சொல்லமாட்டார். அம்மா சொல்ல வேண்டியது இன்னும் கனமானதாக இருக்கலாம். 1990களில் கலிஃபோர்னியாவின் ஃப்ரெஸ்னோ பக்கம், வேலைவாய்ப்புச் சமவாய்ப்பு ஆணையத்தின் வழக்கறிஞர்கள் தொழிலாளர்களோடு உட்கார்ந்து பேசியபோது ஒரு சொல் அவர்கள் காதில் விழுந்தது. ஒரு நிறுவனத்தின் வயலைப் பெண்கள் "ஃபில் டே கல்சோன்" என்று அழைத்தார்கள். உள்ளாடை வயல் என்று பொருள். மேற்பார்வையாளர்களின் வன்கொடுமை அந்த அளவுக்கு நடந்த இடம். "ஃபில்" என்பதே ஆங்கிலத்தின் ஃபீல்டு வயல்வெளி வாயில் புகுந்து தேய்ந்த வடிவம். எந்த அகராதியிலும் தேடிக் கண்டுபிடிக்க முடியாத சொல், எந்தப் புகார்ப் படிவத்திலும் வராத சொல். பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் மொழியில் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்குத்தான் அது கிடைத்தது. விவசாயத் தொழிலாளப் பெண்கள் மீதான பாலியல் வன்முறை வழக்குகளை அந்த ஆணையம் தொடர்ந்து எடுத்தது அதற்குப் பிறகுதான்.

சரி, ரெய்னோசோவிடம் வருவோம். மெக்சிகோவிலிருந்து திரும்பியவர் பெரிய நகரத்துக்குப் போகாமல், எல்லையை ஒட்டிய இம்பீரியல் பள்ளத்தாக்கில் எல் சென்ட்ரோ என்ற ஊரில் வக்கீல் தொழில் தொடங்கினார். பாலைவனத்தில் கால்வாய்த் தண்ணீரில் பயிர் செய்யும் ஊர், தொழிலாளர்களில் பெரும்பாலோர் மெக்சிகர். பிறகு மாநில அரசிலும் வாஷிங்டனிலும் சில ஆண்டுகள். 1968இல் சி.ஆர்.எல்.ஏ.வில் சேர்ந்து, சீக்கிரமே இயக்குநராகி, 1972 வரை இருந்தார்.

அந்த அமைப்பு 1966இல் ஜேம்ஸ் லோரென்ஸ் என்ற இளம் வழக்கறிஞர் ஃபெடரல் அரசின் வறுமை ஒழிப்பு நிதியைப் பெற்றுத் தொடங்கியது. அதன் அமைப்பில் எனக்கு மிகவும் பிடித்தது, வழக்கறிஞருக்குப் பக்கத்தில் சமூகப் பணியாளர் என்று ஒருவரை வைத்தது. முன்பு வயலில் வேலை செய்தவர்கள், ஸ்பானிஷ்காரர்கள். சட்டப் பட்டம் இல்லை. மாலையில் தொழிலாளர் முகாம்களுக்குப் போவது, சமையல் நடக்கும் இடத்தில் உட்கார்ந்து கேட்பது, யார் யாருக்கு என்ன பிரச்சினை என்று நினைவில் வைத்துக்கொள்வது இவர்கள் வேலை. ஸ்பானிஷ் சுமாராகத் தெரிந்த வழக்கறிஞரும் இவர்கள் கூடவே அலைந்து தேறிவிடுவார்.

எல் கோர்த்தீத்தோ வழக்கு அப்படி வந்ததுதான். கோர்த்தீத்தோ என்றால் "குட்டை". இரண்டடிக்கும் குறைந்த பிடி போட்ட களைக்கொத்து. சாலினாஸ் பள்ளத்தாக்கில் நெருக்கமாக முளைத்த லெட்யூஸ், சர்க்கரை பீட் நாற்றுகளைக் கலைத்துவிட இதைத்தான் கொடுப்பார்கள். இடுப்பை மடித்து, தலை முழங்கால் மட்டத்தில் இருக்க, நாள் முழுக்க வரிசை வரிசையாகப் போக வேண்டும். தொழிலாளர்கள் இதற்கு வைத்த இன்னொரு பெயர் "எல் ப்ராசோ தெல் தியாப்லோ", சாத்தானின் கை. விவசாயிகள் சொன்ன காரணம், பிடி நீளமானால் கை தவறி நாற்று வெட்டுப்படும் என்பது. தொழிலாளர்கள் சொன்ன காரணம் வேறு. யாராவது நிமிர்ந்து நின்றால் மேஸ்திரிக்குத் தூரத்திலிருந்தே தெரியும். வயலில் தலை தெரிந்தால் அவன் வேலை செய்யவில்லை என்று அர்த்தம்.

இரண்டாவது காரணத்தைக் கவனியுங்கள். அது எந்த அரசு ஆவணத்திலும் எழுதியிருக்க வாய்ப்பில்லை. வேலை செய்தவன் சொன்னால்தான் உண்டு.

"வக்கீல் என்கிறீர்களே, இதற்கு ஏதாவது செய்யுங்களேன்" என்ற சவாலைத் தொழிலாளர்கள் ஜோர்டேன் முன் வைத்தார்கள். அவர் 1972இல் மாநிலத் தொழில் பாதுகாப்பு வாரியத்திடம் மனு போட்டார். விதிகளில் பாதுகாப்பற்ற கைக்கருவிக்குத் தடை இருந்தது. முதுகெலும்பு தேய்ந்துபோன தொழிலாளர்களும் மருத்துவர்களும் சாட்சி சொன்னார்கள். வாரியம் மறுத்தது. கருவி உடைந்திருந்தாலோ பழுதாக இருந்தாலோதான் அது பாதுகாப்பற்றது, இது நல்ல கருவி என்பது அதன் வாதம். வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை போனது. 1975 ஜனவரியில், கார்மோனா வழக்கு என்று பெயர் பெற்ற இதில் தீர்ப்பு வந்தது: கருவி நன்றாக இருந்தாலும், அதைப் பிடித்து வேலை செய்ய வேண்டிய விதமே உடம்பைக் கெடுத்தால் அதுவும் பாதுகாப்பற்றதுதான், வாரியம் விதியைக் குறுக்கிப் படித்துவிட்டது. அதே ஆண்டு வசந்தத்தில் கோர்த்தீத்தோ தடை செய்யப்பட்டது. இன்று அது அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அந்தக் காலத்தில் அமைப்பின் மற்ற வழக்குகளிலும் மொழி திரும்பத் திரும்ப வருகிறது. ஆங்கிலம் படிக்கத் தெரியாவிட்டால் வாக்குரிமை இல்லை என்ற பழைய விதியை, ஸ்பானிஷ் படிக்கத் தெரிந்தவர்கள் விஷயத்தில் மாநில உச்ச நீதிமன்றம் 1970இல் காஸ்ட்ரோ வழக்கில் ரத்து செய்தது. வாதிகள் காட்டிய சான்று எளிமையானது: லாஸ் ஏஞ்சலஸில் விற்கும் ஸ்பானிஷ் செய்தித்தாள்களும் பத்திரிகைகளும். யாருக்கு ஓட்டுப் போடுவது என்று முடிவு செய்யத் தேவையான செய்தி அவற்றிலேயே இருக்கிறதே என்பது வாதம்.

இப்படி ஜெயித்தால் எதிரிகள் வராமலா இருப்பார்கள்? 1967இலேயே ஆளுநர் ரோனல்ட் ரீகன் ஏழைகளின் மருத்துவ உதவியில் செய்த வெட்டை நீதிமன்றத்தில் தடுத்தவர்கள் இவர்கள். 1970 கடைசியில் ரீகன், அமைப்புக்கான ஃபெடரல் நிதியைத் தன் அதிகாரத்தால் நிறுத்தினார். நூற்றுக்கும் மேற்பட்ட குற்றச்சாட்டுகள் அடங்கிய அறிக்கை ஒன்று வந்தது. வெளி மாநிலங்களைச் சேர்ந்த மூன்று நீதிபதிகள் கொண்ட குழு விசாரித்து, 1971இல் குற்றச்சாட்டுகளுக்கு ஆதாரமில்லை என்றது. நிதி திரும்பக் கிடைத்தது. அந்த மாதங்களில் அமைப்பு கலையாமல் பிடித்து நிறுத்தியவர் ரெய்னோசோ. இந்தப் பாதையில் வர நினைக்கும் இளம் வழக்கறிஞர்கள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும். தொழிலாளியின் மொழியில் பேசி அவனை நீதிமன்றப் படி ஏற்றிவிட்டால், அதற்கு விலை கேட்க ஆட்கள் வருவார்கள்.

1982இல் அவர் கலிஃபோர்னிய உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். அந்த மன்றத்தில் அமர்ந்த முதல் லத்தீன் அமெரிக்க வம்சாவளி நீதிபதி. 1984இல் அவர் எழுதிய ஆகிலார் தீர்ப்பு, இந்த ஆய்வின் நடுநாயகம் என்று நான் கருதுவது. குற்றம் சாட்டப்பட்டவருக்கு ஸ்பானிஷ் மட்டும் தெரியும். பக்கத்தில் ஒரு மொழிபெயர்ப்பாளர் உட்கார்ந்திருந்தார். ஸ்பானிஷ் பேசும் சாட்சிகள் கூண்டுக்கு வந்தபோது, நீதிமன்றம் அதே மொழிபெயர்ப்பாளரை இரவல் வாங்கி அவர்கள் பக்கம் அனுப்பிவிட்டது. அதனால் என்ன, சாட்சி பேசுவதுதான் ஸ்பானிஷாயிற்றே என்று தோன்றும். ஆனால் அந்த நேரத்தில் நீதிபதி சொல்வது, வக்கீல்கள் ஆட்சேபிப்பது எல்லாம் ஆங்கிலத்தில் அவர் தலைக்கு மேலே போய்க்கொண்டிருந்தது. தன் வக்கீலிடம் "அவன் சொல்வது பொய்" என்று கிசுகிசுக்கக்கூட ஆள் இல்லை. 1974இல் மாநில அரசியலமைப்பில் சேர்ந்த ஒரு வரி, ஆங்கிலம் புரியாத குற்றவாளிக் கூண்டுக்காரருக்கு விசாரணை முழுவதும் மொழிபெயர்ப்பாளர் உண்டு என்கிறது. முழுவதும் என்றால் முழுவதும்தான் என்று ரெய்னோசோ எழுதினார். தன்னைப் பற்றி, தனக்காக, தனக்கு எதிராக என்ன நடக்கிறது என்பதை அந்த மனிதர் புரிந்துகொள்ள வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். தண்டனை ரத்தானது. அம்மா அப்பாவுக்காக அலுவலகங்களில் நின்று பேசிய பிள்ளைகளுக்குத்தான் அந்தத் தனிமையின் கனம் தெரியும். சட்டம் தெரிந்த பலர் கண்ணில் படாத ஒன்று இவர் கண்ணில் பட்டதற்கு அவர் வளர்ந்த தெரு காரணம் என்று நம்புகிறேன்.

1986 தேர்தலில் வாக்காளர்கள் தலைமை நீதிபதி ரோஸ் பேர்டையும் ஜோசஃப் க்ரோடினையும் இவரையும் பதவியிலிருந்து இறக்கினார்கள். மரண தண்டனை பற்றிய பிரச்சாரம்தான் முக்கியக் காரணம். பிறகு பேராசிரியராகவும் அமெரிக்கக் குடிமை உரிமைகள் ஆணையத்தின் துணைத் தலைவராகவும் இருந்தார். 2000இல் அதிபரின் சுதந்திரப் பதக்கம். 2021இல், 90 வயதில் காலமானார்.

நீதிமன்றத்துக்குள் ஸ்பானிஷ் தெரிந்த வழக்கறிஞரின் நிலை விசித்திரமானது. சாட்சி சொன்ன ஸ்பானிஷ் பதிவேட்டில் ஏறாது. மொழிபெயர்ப்பாளர் சொன்ன ஆங்கிலம் மட்டுமே ஏறும். "போர் கொன்ட்ராட்டோ"வை அவர் ஒப்பந்தம் என்று சொல்லிவிட்டால், அந்த நொடியிலேயே எழுந்து ஆட்சேபிக்க வேண்டும். மறுநாள் மேல்முறையீட்டில் சொல்லலாம் என்று விட்டால் தொலைந்தது, ஏனென்றால் அசல் சொல் எங்கேயும் இருக்காது. ஜூரியில் ஸ்பானிஷ் தெரிந்தவர் இருந்தால் அவரும் காதில் விழுந்ததை ஒதுக்கிவிட்டு ஆங்கிலத்தைத்தான் ஏற்க வேண்டும். அதைச் செய்வார்களா என்று சந்தேகப்பட்டு இருமொழிக்காரர்களை ஒரு அரசு வழக்கறிஞர் ஜூரியிலிருந்து நீக்கினார். 1991இல் ஹெர்னாண்டஸ் எதிர் நியூயார்க் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த நீக்கத்தை அனுமதித்தது. மொழி தெரிந்ததே தகுதிக் குறைவாகிப் போன அந்தத் தீர்ப்பை என்னால் ஏற்க முடியவில்லை.

எழுத்து வேலையிலும் ஒரு கண்ணி இருக்கிறது. தொழிலாளியிடம் ஸ்பானிஷில் கேட்டு, வழக்கறிஞர் தானே ஆங்கிலத்தில் வாக்குமூலம் தயாரித்துக் கையெழுத்து வாங்கிவிடுவது சுலபம். எதிர்த்தரப்பு வக்கீல் விசாரணையில் அந்தக் காகிதத்தைத் தொழிலாளி முன் வைத்து, "இதைப் படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டீர்களா?" என்று கேட்பார். எனக்குப் படிக்கத் தெரியாதே என்பார் அவர், உண்மையைச் சொல்ல வேண்டும் என்பதற்காக. வாக்குமூலம் அங்கேயே செத்துவிடும். அதனால் அனுபவசாலிகள் முதலில் ஸ்பானிஷில் அவர் சொற்களிலேயே எழுதி, வாசித்துக் காட்டி, கையெழுத்து வாங்கி, அப்புறம் தனியாக மொழிபெயர்ப்பாளரின் சான்றோடு ஆங்கிலப் படியை இணைப்பார்கள்.

வேலைச் சுமையையும் சொல்லியாக வேண்டும். அலுவலகத்தில் ஸ்பானிஷ் நன்றாகத் தெரிந்தவர் ஒருவர்தான் என்றால், எல்லோருடைய தொலைபேசியும் அவர் மேஜைக்குத் திரும்பும். மற்றவர்கள் சட்ட வாதங்களை எழுதிப் பெயர் வாங்கும் நேரத்தில் இவர் அழுகைகளைக் கேட்டுக்கொண்டிருப்பார். இதைச் சம்பளத்திலும் பதவி உயர்விலும் கணக்கில் எடுக்காத அலுவலகம் அவரைச் சுரண்டுகிறது. அது போக 1996இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் போட்ட கட்டுப்பாடுகள் வேறு: ஏழைகளின் சட்ட உதவிக்கு ஃபெடரல் பணத்தைப் பகிர்ந்து தரும் லீகல் சர்வீசஸ் கார்ப்பரேஷனின் நிதியைப் பெறும் அமைப்புகள் ஆவணமில்லாத பெரும்பாலான குடியேறிகளுக்காக வாதாட முடியாது, பலருக்காகச் சேர்த்துக் கூட்டு வழக்குப் போட முடியாது. எதிரில் உட்கார்ந்து ஒருவர் தன் மொழியில் முழுக் கதையையும் சொல்லி முடித்த பிறகு, உங்கள் வழக்கை நான் எடுக்க முடியாது என்று அதே மொழியில் சொல்ல வேண்டிய நாட்கள் உண்டு.

ஸ்பானிஷே போதாமல் போகும் இடமும் இருக்கிறது. 1980களிலிருந்து கலிஃபோர்னிய வயல்களுக்கு மெக்சிகோவின் வஹாகா மாநிலத்து மலையூர்களிலிருந்து, தங்களுக்கென்று தனி மொழிகள் கொண்ட மிஸ்டெக், த்ரீக்கி, சபோடெக் பூர்வகுடி மக்கள் நிறைய வந்தார்கள். மெக்சிகர்தானே என்று எல்லோரும் ஸ்பானிஷில் பேசினார்கள். அவர்களுக்கு அது பள்ளியில் கொஞ்சம் காதில் விழுந்த அந்நிய மொழி. ஓரிகன் மாநிலத்தில் 1986இல் ஒரு மிஸ்டெக் இளம் தொழிலாளியைக் கொலை வழக்கில் விசாரித்தபோது ஸ்பானிஷ் மொழிபெயர்ப்பாளரை வைத்தார்கள். தண்டனை விழுந்தது. பிறகு ஜூரி உறுப்பினர்களே சிலர் மனம் உறுத்தி அவருக்காகப் பேசினார்கள். 1991இல்தான் வெளியே வந்தார். 1990களில் சி.ஆர்.எல்.ஏ. மிஸ்டெக் பேசும் சமூகப் பணியாளர்களை வேலைக்கு எடுக்க ஆரம்பித்தது. இப்போதெல்லாம் ஒரு கேள்வி ஆங்கிலத்திலிருந்து ஸ்பானிஷுக்கும், அங்கிருந்து மிஸ்டெக்குக்கும் போய், பதில் அதே வழியில் திரும்பி வரும். நடுவில் நிற்கும் வழக்கறிஞருக்கு இப்போது தன் கட்சிக்காரரின் மொழி தெரியாது, எழுபது ஆண்டுக்கு முன் ஸ்பானிஷ் தெரியாமல் நின்ற வக்கீலைப் போலவே.

அந்த மக்களிலிருந்தே ஒருவர் சட்டம் படித்திருந்தார். ஹூகோ மொராலெஸ், வஹாகாவின் மிஸ்டெக் கிராமத்தில் பிறந்து, சிறுவனாக வடக்கு கலிஃபோர்னியாவின் தொழிலாளர் முகாமுக்கு வந்து பழம் பறித்து, ஹார்வர்டில் சட்டப் பட்டம் வாங்கியவர். ஃப்ரெஸ்னோவுக்கு வந்து, நீதிமன்றத்துக்குப் பதிலாக ஒலிபரப்பு நிலையத்தைக் கட்டினார். ரேடியோ பிலிங்குவே 1980 ஜூலை 4 அன்று ஒலிக்கத் தொடங்கியது. குறைந்தபட்சக் கூலி எவ்வளவு, மேஸ்திரி சம்பளம் கொடுக்காவிட்டால் எங்கே போவது என்பதெல்லாம் அதில் ஸ்பானிஷில் வரும். பின்னால் "லா ஓரா மிஸ்டெகா", மிஸ்டெக் நேரம், என்ற ஞாயிறு நிகழ்ச்சியும் சேர்ந்தது. அதை எல்லைக்கு இந்தப் பக்கம் முகாம்களிலும், அந்தப் பக்கம் பிள்ளைகளை அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் வஹாகா மலையூர்களிலும் கேட்டார்கள்.